வீட்டை அடமானம் வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் சார்

சார், உங்கள் பதற்றம் புரிகிறது. +2 படிக்கும் மகளுக்கு இயற்பியல்தான் பிடிக்கிறது, சொந்தக்காரர்களோ கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர எதுவும் வேண்டாம் என்கிறார்கள், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள். பிடிக்காத படிப்புக்கு வாங்கிய கடனை நீங்கள்தான் கட்டுவீர்கள், சொந்தக்காரர்கள் யாரும் கட்டமாட்டார்கள்.

"குவாண்டம் சாட்டிலைட் என்று ஏதோ உளறுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது உளறல் இல்லை. சீனா 2016-இல் ஏவிய மிசியஸ் செயற்கைக்கோள், அடுத்த ஆண்டே 1,200 கி.மீ. தள்ளியிருந்த இரண்டு தரைநிலையங்களுக்குக் குவாண்டம் பிணைப்புள்ள போட்டான்களை, அதாவது ஒன்றின் நிலை மற்றதோடு பின்னிக்கிடக்கும் ஒளித்துகள்களை, அனுப்பிக் காட்டியது. ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபரில் இவ்வளவு தூரம் நேராக அனுப்ப முடியாது. நல்ல ஃபைபரிலேயே 100 கி.மீ. போவதற்குள் நூறு போட்டானில் ஒன்றுதான் மிஞ்சும், குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாது என்பதால் நடுவில் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் வைக்கவும் வழியில்லை. வானத்தில் அப்படியில்லை, அடர்த்தியான காற்றைத் தாண்டிவிட்டால் மீதியெல்லாம் வெற்றிடம்.

நம் நாட்டிலும் 2023-இல் ₹6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் மிஷன் வந்துவிட்டது. செயற்கைக்கோள் வழியாக 2,000 கி.மீ. தூரத்துக்கு, யாராவது ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும் பாதுகாப்பான குவாண்டம் தொடர்பு என்பது அதன் இலக்குகளில் ஒன்று. இதில் குவாண்டம் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில்தான் இருக்கிறது.

இதற்குக் கோடிங் தெரிந்தவர்கள் மட்டும் போதாது. ஒற்றைப் போட்டானைப் பிடிக்கும் டிடெக்டர், விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் செயற்கைக்கோளை விடாமல் குறிபார்க்கும் டெலஸ்கோப், லேசர் எல்லாம் செய்ய ஒளியியல் படித்தவர்கள் வேண்டும். அதற்கென்றே கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (குசாட்) போட்டானிக்ஸ் என்ற ஒளித் தொழில்நுட்பப் படிப்பில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம், 'கேட்' என்ற அவர்களுடைய நுழைவுத்தேர்வு மூலம் சேர்க்கை. பக்கத்து மாநிலம்தான், ஆனாலும் என்னிடம் வரும் பெற்றோரில் பலருக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரிவதில்லை. லேசர், ஃபைபர், ஆப்டிகல் கருவிகள் என்று ஒளியைச் சுற்றியே பாடம் போவதால், குவாண்டம் பக்கம் போகாவிட்டாலும் படித்தது வீணாகாது.

ஆனால் ஒன்று, இதில் ஆராய்ச்சிக்குப் போக பிஎச்.டி. முடிக்கவேண்டும், நிலையான வேலைக்கு வர வயது 27, 28 ஆகிவிடும். ஆனால் பிஎச்.டி. படிக்கும் காலத்தில் உதவித்தொகை கிடைத்தால் உங்கள் கையை எதிர்பார்க்கவேண்டியதில்லை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆராய்ச்சியாளர் உதவி கிடைத்தால் 2023 முதல் மாதம் ₹37,000 உதவித்தொகை. "அதுவரை கல்யாணம்?" என்று வீட்டில் கேட்பார்கள். அதை அவளிடம் கேளுங்கள், மாமாவிடம் வேண்டாம்.

இந்த வாரமே அவளை உட்காரவைத்து பாடத்திட்டத்தை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். படித்த பிறகும் வேண்டும் என்றால் விண்ணப்பத்தை அவளே போடட்டும். வேண்டாம் என்றால் சரி, அப்புறம் வேறு வழி பார்ப்போம், ஆனால் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.