பக்லாவா பாகில் முக்கிய பப்ஸ் இல்லை

"பக்லாவா என்றால் என்ன? பாகில் முக்கிய பப்ஸ்தானே, அதற்கு ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த பெட்டியில் ஒரு துண்டு சாப்பிட்டிருப்பீர்கள், அதுவும் ஃப்ரிட்ஜில் கிடந்து விறைத்துப்போனதாக இருந்திருக்கும். அதை வைத்து முடிவுகட்டாதீர்கள். ஷார்ஜாவில் ஒரு இனிப்புக் கடையின் சமையல்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனசு வரவில்லை.

பப்ஸுக்கு மாவுக்குள் கொழுப்பை வைத்து மடித்து மடித்துத் தேய்ப்பார்கள், ஓவனில் அதுவே பிரிந்து உப்பும். பக்லாவாவில் ஒவ்வொரு மாவு ஏடும் தனி ஏடு. எங்கள் மாஸ்டர் துருக்கியில் காஸியான்டெப் (சுருக்கமாக ஆன்டெப்) ஊர்க்காரர், உஸ்தா என்றுதான் கூப்பிடுவோம். முட்டையும் உப்பும் சேர்த்துப் பிசைந்த மாவைச் சின்ன வட்டங்களாக்கி, இடையிடையே கோதுமை ஸ்டார்ச் தூவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். ஓக்லாவா என்கிற ஒல்லியான நீளக் கட்டையில் சுற்றிச் சுற்றித் தேய்க்கத் தேய்க்க அத்தனையும் சேர்ந்தே விரியும். முடித்து ஓர் ஏட்டைத் தூக்கினால் அடியில் இருக்கும் கைவிரல் தெரியும். ஏசி காற்று அந்த மேஜைப் பக்கம் வரக் கூடாது, ஏடு காய்ந்து ஒடிந்துவிடும்.

இப்படி ஒரு தட்டில் 40 ஏடு வரை போகும். பாதி அடுக்கியதும் பாலில் ரவை காய்ச்சிய கூழ் கொஞ்சம், அதன்மேல் பிஸ்தா, பிறகு மீதி ஏடுகள். அந்த ஊர் வழக்கப்படி பிஸ்தாவை முழுதாக முற்றும் முன்பே பறித்துவிடுவார்கள், அதனால்தான் உள்ளே அப்படி ஒரு பச்சை. நெய் ஆட்டுப்பால் நெய். வேகவைக்கும் முன்பே கத்தியால் துண்டு போட்டுவிட வேண்டும்.

ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு கொதிக்கிற பாகை ஊற்றுவார். தட்டு முழுக்கச் சடசடவென்று பொரியும், ஓரங்களில் நுரை ஏறி அடங்கும். உஸ்தா குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்பார். பாகு கெட்டியாக இருந்தால் மேலேயே நின்றுவிடும், நீர்த்திருந்தால் ஏடு நமத்துப்போகும். வீட்டில் செய்பவர்கள் ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருக்க வேண்டும் என்பார்கள். அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, இவருடைய முறை இது.

"பக்லாவா கிரேக்கர்களுடையது" என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள் என்று தெரியும். நான் துருக்கிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கிரேக்கர்கள் வால்நட், பட்டை, தேன் போட்டுச் செய்வதும் பக்லாவாதான். ஈரானில் யஸ்து ஊரில் ஏலக்காய் மணக்கச் செய்வார்கள், அஜர்பைஜானில் நவ்ரூஸ் என்கிற வசந்தகாலப் புத்தாண்டுப் பண்டிகைக்கு அது இல்லாமல் முடியாது. ஆன்டெப் பக்லாவாவின் பெயருக்கு 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கொடுத்தது. அது அந்த ஊர்ச் செய்முறைக்குக் கிடைத்த மரியாதை, யார் முதலில் செய்தார்கள் என்பதற்குத் தீர்ப்பு இல்லை. துருக்கியை ஆட்டோமன் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் ரமலான் மாதம் பாதியில் இஸ்தான்புல் அரண்மனைச் சமையல்கூடத்திலிருந்து ஜானிசரி என்கிற சுல்தானின் படைவீரர்களுக்குத் தட்டுத் தட்டாகப் பக்லாவா போகும், அதை அவர்கள் ஊர்வலமாகத் தூக்கிச் செல்வார்கள். 1826இல் அந்தப் படையைக் கலைத்ததோடு ஊர்வலமும் நின்றது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏடு தேய்க்க நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகும் என் விசாவில் ஹெல்பர் என்றே இருந்தது, சம்பளமும் அதற்கேற்ற மாதிரிதான். ஊருக்கு வந்தால் "ஸ்வீட் கடையில தட்டு கழுவுறியா தம்பி?" என்று கேட்பார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது "அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார் ஒரு பெரியவர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் வேலை, மாவுக்கு முன்னால் நின்றால் வேலையில்லையா? இது இன்னும் ஆறவில்லை.

சரி, விலைக்கு வருகிறேன். நல்ல பிஸ்தா, நல்ல நெய், கைத்திறன் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. பிஸ்தாவுக்குப் பதில் பட்டாணியும் நிலக்கடலையும் கலந்து மலிவாக விற்பவர்களும் இருக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். பெட்டியைத் திறந்ததும் நெய் வாசம் வர வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், மூடி வெளியிலேயே வைத்துச் சில நாளில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ஆன்டெப்காரர்கள் துண்டை முள்கரண்டியில் குத்தித் தலைகீழாகத் திருப்பி, பாகு ஊறிய அடிப்பக்கம் அண்ணத்தில் படும்படி வாயில் வைப்பார்கள். நீங்களும் அப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள். கடிக்கும்போது ஏடு நொறுங்கும் சத்தம் கேட்கவில்லையென்றால் அது பழைய சரக்கு, அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.