மாங்குளத்தில் இருபது அறையா?

கேள்வி: மாங்குளத்துக்குக் கிட்ட, யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதிக்கரையில் எங்களுக்கு ஒரு ஏக்கர் காணி இருக்கிறது. இலங்கைக்குச் சுற்றுலாப் பயணிகள் கூடிக்கொண்டே போகிறார்களாம். கனடாவிலுள்ள அத்தான் பாதிக் காசு தருகிறேன், மிச்சத்துக்கு வங்கிக் கடன் எடுத்து இருபது அறையோடு ஹோட்டல் கட்டு என்கிறார். வன்னியில் சுற்றுலாவுக்கு எதிர்காலம் உண்டா?
– ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: எதிர்காலம் உண்டு. இருபது அறைக்கு இல்லை.

செய்தியில் வருகிற கணக்கு பொய்யில்லை. 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே விழுந்த பயணிகள் தொகை, 2024இல் 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் அது நாட்டுக்குள் வந்திறங்கிய தலைகளின் கணக்கு. அதில் எத்தனை பேர் மாங்குளத்தில் படுத்தெழும்பினார்கள்? வவுனியாவில் காலைச் சாப்பாடு, யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சாப்பாடு என்று வருகிறவர்களுக்கு வன்னி, வான் கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற காடு. பாதை திருந்தத் திருந்த இன்னும் வேகமாகப் போகிறார்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளை நம்பலாம் என்பீர்கள். உங்கள் அத்தானே வந்தாலும் உங்கள் வீட்டில்தானே பாய் விரிப்பார்? மடு ஆவணித் திருவிழாவுக்குச் சனம் வெள்ளமாக வரும், கூடாரம் அடித்துத் தங்கும். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு வருகிறவர்கள் இரவிரவாக நின்று அம்மனைக் கும்பிட்டுவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து, கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார்களே, அவர்களில் பலர் அரிசியும் சட்டியும் கையோடு கொண்டுவந்து வீதியோரம் சமைத்துச் சாப்பிட்டார்கள். தேத்தண்ணிக்கு இறங்கியதும் பெரும்பாலும் இராணுவம் நடத்திய கடைகளில். எங்கள் அழிவைக் காட்டிச் சம்பாதிக்கிற தொழில் எங்களுக்கு வேண்டவும் வேண்டாம்.

சரி, வன்னியில் காசு எங்கே நிற்கிறது? முறிகண்டிக்குப் போய்ப் பாருங்கள். வீதியோரப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டிப் போகத் துணிகிற சாரதி குறைவு, சைவமோ கிறிஸ்தவமோ பௌத்தமோ. இறங்கி, தேங்காய் அடித்து, திருநீறு பூசி, திரும்புகிற வழியில் கச்சான் கடை. வறுத்த கச்சான் மணக்க மணக்க, கடைக்கார அம்மா ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து "சாப்பிட்டுப் பாருங்கோ" என்பார். அதற்கப்புறம் வாங்காமல் வானில் ஏறுகிறவர் யார்? பத்து நிமிடம்கூட ஆகாது, காசு கைமாறிவிடும். அந்த வரிசையில் யாரும் அறை கட்டி வாடகைக்கு விட்டு முன்னுக்கு வரவில்லை.

வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களும் அப்படித்தான். பெண்கள் கண்முன்னே தோசை சுடுகிறார்கள், குரக்கன் பிட்டு அவிக்கிறார்கள். உங்கள் ஏக்கரில் ஒரு நல்ல சாப்பாட்டுக்கடை போடுங்கள். குளத்து மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் இருக்கட்டும், பிரைட் றைஸ் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. முக்கியமாக, மணிக்கொரு தரம் கழுவுகிற கழிப்பறை. பொம்பிளைப் பிள்ளைகளோடு கொழும்பிலிருந்து வருகிற குடும்பம், சாப்பாட்டைவிட அதற்காகத்தான் வண்டியை நிற்பாட்டும். பின்வளவில் இரண்டு அறை போதும்.

அறை போடுவதென்றால் அதற்கு இடம் மன்னார்ப் பக்கம். அங்குள்ள திருக்கேதீஸ்வரம் பாடல் பெற்ற தலம், தமிழ்நாட்டுச் சனத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2024இல் இலங்கைக்கு அதிகம் பேர் வந்ததே இந்தியாவிலிருந்துதான், நாலு இலட்சத்துக்கும் மேல். பலாலிக்கு அங்கிருந்து விமானம் வருகிறது, நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. மாரியில் வங்காலைச் சதுப்பு நிலத்துக்குப் பூநாரை வரும், அதைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர் விடியற்காலையில் எழும்ப வேண்டும், அதனால் கட்டாயம் கிட்டத்தான் தங்குவார். ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தையும் காற்றாலை, மணல் அகழ்வு என்று சுற்றி வளைத்துவிட்டால், பிறகு பறவையைத் தேட வேண்டியிருக்கும்.

அப்புறம் கடன். 2018இல் 23 இலட்சம் பேர் வந்தபோதும் இதே பேச்சுத்தான், நல்ல காலம் பிறந்துவிட்டது என்று. அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு குண்டுகள், அதன் பின் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை. விருந்தினர் வராத மாதத்திலும் வட்டி வந்தது. கடையைப் போட்டு ஒரு வருடம் நடத்துங்கள். எந்த மாதம் எத்தனை வாகனம் நின்றது, அறை கேட்டவர் எத்தனை பேர் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வங்கிக்குப் போவதென்றால் அந்தக் கொப்பியோடு போங்கள்.