பாட்டியின் கை

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாகப் படம் எடுக்கிறேன். பாட்டி முறத்தில் அரிசி புடைக்கும் படத்தை எங்கள் புகைப்படக் குழுவில் காட்டினேன். போகஸ் இல்லை, நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்) அதிகம் என்று ஒதுக்கிவிட்டார்கள். கடன் வாங்கியாவது பெரிய சென்சார் உள்ள ஃபுல்பிரேம் கேமரா வாங்கலாமா? எந்த லென்ஸ் சரியாக இருக்கும்?

க.

அன்புள்ள க.,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அரிசி எழும்பி நிற்கிறது, பாட்டியின் கை கலங்கியிருக்கிறது. கலங்காமல் எப்படி இருக்கும்? புடைக்கிற கை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறக்கும்படி ஷட்டரை வைத்திருந்தால் அரிசியை மணி மணியாக எண்ணலாம். ஆனால் புடைப்பது தெரிந்திருக்காது. நாய்ஸ் பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள்.

கொஞ்ச நாளாகவே ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பழைய காலத்துப் புகைப்படக் கலைஞரின் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். மகளும் மருமகனும் கொடுத்த கேமரா கைக்கு வரும்போது அவருக்கு வயது 48. இங்கிலாந்தின் வைட் தீவில், வீட்டின் கோழிக் கொட்டகையை ஸ்டூடியோவாகவும் கரி அறையை டார்க்ரூமாகவும் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். எதிரில் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தார்கள். தகடுகளில் கீறல் விழுந்தது, கறை படிந்தது. உங்கள் குழு உங்களுக்குச் சொன்னதையே அன்றைய புகைப்பட இதழ்கள் அவருக்குச் சொல்லின.

1867இல் அவர் எடுத்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் படத்தைத் தேடிப் பாருங்கள். இருட்டிலிருந்து வெள்ளை முடியும் கண்களும் எழுந்து வருகின்றன. போகஸ் செய்துகொண்டே வரும்போது தன் கண்ணுக்கு எங்கே அழகு தெரிந்ததோ அங்கேயே நிறுத்திவிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். மற்றவர்கள் துல்லியம் வரும்வரை இன்னும் திருகுவார்கள். அவர் அங்கேயே நிறுத்தினார். க., அங்கேயே நிறுத்தினார்! எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த இடம் எந்த லென்ஸுக்கும் தெரியாது. அதற்காகக் கலங்கியதெல்லாம் கலை என்று கிளம்பிவிடாதீர்கள். எதைப் பார்த்தோம் என்று தெரிந்தவருக்குத்தான் நிறுத்தத் தெரியும். கேமரன் கடைசியில் இலங்கைக்குப் போய் அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். 1879இல் அங்கேயே இறந்து, போகவந்தலாவையில் அடக்கமானார்.

ஒரு சமயம் என் அம்மாவை ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். பிரிண்ட் போடும்போது, கலங்கியிருக்கிறது என்று ஒன்றை நானே கழித்துவிட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அம்மா சிரிக்கிற படம். நெகட்டிவும் இப்போது இல்லை. ஷார்ப்பாக வந்த படங்களிலெல்லாம் அம்மா கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்கிறாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

அதனால்தான் உங்கள் மேல் கோபம் வருகிறது. உங்கள் கடிதம் முழுக்க கேமரா, லென்ஸ், கடன். பாட்டிக்கு ஒரே ஒரு வரி. அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆறு வருடத்தில் எத்தனை நாள் அந்தத் திண்ணையில் சும்மா உட்கார்ந்து அவரைப் பார்த்தீர்கள்?

கடன் வேண்டாம். இருக்கிற லென்ஸ் போதும். அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். அடுத்த கடிதத்தில் பாட்டியின் பெயரை எழுதுங்கள். அவர் புடைக்கும்போது ஏதாவது முணுமுணுப்பாரா, பாடுவாரா? அதையும் எழுதுங்கள்.