சொலெனாப்சிஸா, மோனோமோரியமா? உணர்கொம்பைப் பாருங்கள்

நீங்கள் படம் போட்ட எறும்பு சிவப்பாக இருப்பதால் சொலெனாப்சிஸ்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். சொலெனாப்சிஸ், மோனோமோரியம் இரண்டும் எறும்புப் பேரினங்கள். நிறத்தை நம்பாதீர்கள், இரண்டிலும் மஞ்சளும் உண்டு, கறுப்பும் உண்டு. இடுப்பில் இரண்டு முடிச்சு இருப்பதும் பொதுதான். மார்பின் பின்முனையில் நன்றாக முள் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டுமே அல்ல, ஃபெய்டோலே போன்ற வேறு பேரினங்களின் பக்கம் தேடுங்கள்.

தீர்ப்பு உணர்கொம்பில் இருக்கிறது. சொலெனாப்சிஸ் வேலைக்கார எறும்புக்கு 10 கணு. கடைசி இரண்டு மட்டும் சட்டென்று பருத்திருக்கும். மோனோமோரியத்துக்குப் பெரும்பாலும் 12. கடைசி மூன்று பருத்திருக்கும். 11 என்று வந்தால் குழம்ப வேண்டாம், நுனியில் எத்தனை கணு பருத்திருக்கிறது என்பதையே நம்புங்கள்.

எறும்பை 70% ஆல்கஹாலில் போட்டு, 40 மடங்கு பெருக்கத்தில் எண்ணுங்கள். தலையை ஒட்டிய நீளத் தண்டும் ஒரு கணு. பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நடுவிலுள்ள குட்டிக் கணுக்கள் ஒட்டினாற்போல் தெரிந்தால் பக்கவாட்டில் வெளிச்சம் கொடுங்கள், எல்லை துலங்கும். உங்கள் படத்தில் கொம்பு மங்கல்; நுனியை மட்டும் குவித்து எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.