தொட்டுக்க என்ன இருக்கு?

குரோம்பேட்டையிலிருந்து மெல்போர்ன் போய் ஏழு வாரம் ஆன ஒரு தம்பி, எங்கள் அம்மாவிடம் என் நம்பரை வாங்கிக் கேட்டிருக்கிறான்: “அக்கா, இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஒரு அலமாரி முழுக்க, தொட்டுச் சாப்பிடுகிற டிப் டப்பாதான். தோசைக்கு எது ஒத்துவரும்? நான் சைவம், முட்டையும் கிடையாது. சனிக்கிழமை டீம் லீடர் வீட்டில் பார்ட்டி. ‘ஒரு பிளேட் கொண்டு வா’ என்கிறார். எத்தனை பிளேட் வாங்கட்டும்?”

தம்பி, கடைசிக் கேள்விதான் அவசரம், அதை முதலில் முடித்துவிடுவோம். காலி பிளேட்டோடு போய் நிற்காதே. எல்லோரும் சாப்பிடுகிற மாதிரி ஒரு பதார்த்தம் செய்து எடுத்து வா என்பதைத்தான் அந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். பதினேழு வருடம் முன்னால் நான் அரை டஜன் எவர்சில்வர் தட்டோடு போனவள். அந்த வீட்டம்மா ஒன்றுமே காட்டிக்கொள்ளாமல் வாங்கி, அன்று எல்லோருக்கும் அந்தத் தட்டிலேயே போட்டுக் கொடுத்தார். விஷயம் எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆனது.

லீவில் மேற்கு மாம்பலத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். அடுப்படியில் மிக்ஸி ஓடுகிறது, தேங்காய்ச் சட்னி. இந்த வாசனையில் உட்கார்ந்துகொண்டு உனக்கு டப்பா டிப் பற்றி எழுதுவது கொஞ்சம் அநியாயம்தான்.

தோசைக்கு எது ஒத்துவரும்? எதுவும் வராது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் காசு மிச்சம். முதல் வருடம் நான் வாராவாரம் ஒரு டப்பா வாங்கி, தோசையோடு ஒரு வாய் வைத்துவிட்டு, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் பூசணம் பூக்க விட்டேன். நம் சட்னி அந்த வேளைக்கு அரைத்து, தாளித்து, அந்த வேளைக்கே தீர வேண்டியது. தளர்வாக இருக்கும், இட்லி உறிஞ்சிக்கொள்ளும். டப்பா டிப் குளிர்ந்து கெட்டியாக இருப்பது. ரொட்டிக்கும் காரட் துண்டுக்கும் என்று செய்தது. ஹம்முஸ் என்கிற கொண்டைக்கடலை விழுதைத் தோசையில் தடவினால் மாவுக்கு மேல் மாவு தின்கிற மாதிரி இருக்கும். ஹம்முஸ் மேல் தப்பில்லை, தோசை மேலும் தப்பில்லை.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் ‘மாங்காய்ச் சட்னி’ என்று எழுதியிருக்கும் கண்ணாடிப் பாட்டில். பார்த்ததும் ஓடிப்போய் எடுத்தேன். திறந்தால் ஜாம்! சட்னி என்ற பேரை இங்கிருந்து கொண்டுபோன வெள்ளைக்காரர்கள், பழத்தைச் சர்க்கரையும் வினிகரும் போட்டுக் கிளறி, மாசக்கணக்கில் வைத்திருக்கிற பண்டமாக்கிவிட்டார்கள். சீஸோடும் ஆறிய இறைச்சியோடும் வைத்துச் சாப்பிட அது அவர்களுக்குப் பொருத்தம். எனக்கு அன்றைக்குக் கிடைத்தது ஜாம் தோசை.

அதனால் ‘எது சட்னி மாதிரி இருக்கும்’ என்று தேடாதே. இது எதற்குத் தொட்டுக்க என்று கேள். அப்படிக் கேட்டால் அந்த அலமாரியில் பாதி நமக்குச் சொந்தக்காரர்கள்தான்.

ஹம்முஸ் என்றால் அரபியில் கொண்டைக்கடலை, அவ்வளவுதான். முழுப் பேர் ஹம்முஸ் பி தஹினா, அதாவது எள் விழுது சேர்த்த கொண்டைக்கடலை. கடலையும் எள்ளும் நமக்குப் புதுசா என்ன? டப்பாவில் வாங்காதே, வீட்டில் செய். ராத்திரி ஊறப்போட்டு, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, விரலில் நசுக்கினால் மசிகிற அளவுக்குக் குக்கரில் வேகவிடு. ஆறவைத்து, எள் விழுது, எலுமிச்சை, பூண்டு, உப்போடு இரண்டு ஐஸ் கட்டி போட்டு ஓட்டினால் வெண்ணெய் மாதிரி வரும். சென்னையிலிருந்து மிக்ஸி எடுத்துப் போயிருக்கிறாய் என்றால் பயப்படாதே, அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்குக்கு மட்டும் ஒரு அடாப்டர் வேண்டும். மேலே கடுகு தாளித்துக் கொட்டினால் லெபனான்காரர் முகம் சுளிப்பாரோ என்று யோசிக்கிறாயா? அவர்களே பைன் கொட்டையை வெண்ணெயில் பொரித்துச் சுடச்சுட மேலே ஊற்றுகிறவர்கள். ஆனால் ஹம்முஸ் யாருடையது என்ற பேச்சை மட்டும் எடுக்காதே. அந்த விஷயத்தில் லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் நடந்த போட்டியில், 2010 மே மாதம் லெபனானில் 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்த நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர், அதற்காகவே அந்த எண். பிளேட் கொண்டு வருவது என்றால் அப்படிக் கொண்டுவர வேண்டும்.

பாபா கனூஷ், முதப்பல் என்று எழுதியிருப்பது சுட்ட கத்தரிக்காய்த் துவையலின் ஒன்றுவிட்ட தங்கை. புளிக்குப் பதில் எலுமிச்சை, கூட எள் விழுது. ஸாஸிக்கி என்று கிரேக்கர்கள் சொல்வது வெள்ளரிக்காய்ப் பச்சடி. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்திருப்பார்கள், பூண்டும் ஆலிவ் எண்ணெயும் இருக்கும். மெல்போர்னில் கிரேக்கர்கள் ஏராளம், இதை மோசமாகச் செய்கிற கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரம் இல்லாமல் நாக்கு செத்துவிட்டது என்றால் ஏமன்காரர்களின் ஸுஹூக்தான் மருந்து. பச்சை மிளகாய், கொத்தமல்லி, பூண்டு, சீரகம், கொஞ்சம் ஏலக்காய். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஏலக்காய் வருகிற வரைக்கும் நீ குரோம்பேட்டையில்தான் இருப்பாய்.

சல்சா என்பது ஸ்பானிய மொழியில் வெறும் ‘சாஸ்’. டப்பா சல்சாவில் ஒன்றுமில்லை, தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லியைப் பச்சையாக அரிந்து எலுமிச்சை பிழிந்துகொள். நம் தக்காளிச் சட்னியில் இருக்கிற தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. அவர்கள் போடுகிற வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போனவை. மெக்சிகோவில் இதையெல்லாம் அரைக்கிற மோல்காஹெத்தே என்ற எரிமலைக் கல் உரலைப் பார்த்தால் உனக்கு அம்மிக்கல் ஞாபகம் வரும். அதற்கு மூன்று கால் உண்டு.

கத்தரிக்காய் சுடும் முன் ஒன்று கேட்டுக்கொள், எனக்கு நடந்தது. ஃபிளாட்டில் மிளகாய் வற்றல் தாளித்தேன். புகை அலாரம் கத்தியது. பதற்றத்தில் வாசல் கதவைத் திறந்துவிட்டேன், புகை வராந்தாவுக்குப் போனது. வீட்டுக்குள் கத்துகிற அலாரம் பெரும்பாலும் நம்மோடு போகும். வராந்தாவில் இருப்பது நேராகத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடும். ஆறு மாடி ஜனமும் நைட்டியும் பைஜாமாவுமாகத் தெருவில் நிற்க, என் கையில் கரண்டி. வெட்டி அழைப்புக்குக் கட்டணமும் உண்டு. ஜன்னலைத் திற, வாசல் கதவைத் திறக்காதே.

இனி சைவ விஷயம். இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறோம். இறைச்சித் துண்டு கண்ணில் படாததால் சைவம் என்று நினைத்துவிடுகிறோம். வியட்நாம் கடையில் ஸ்பிரிங் ரோலுக்குக் கொடுக்கிற தண்ணீர் போன்ற இனிப்புப் புளிப்புச் சாறு மீன் சாஸில் செய்தது. ஃபுட்ஸ்க்ரே, ஸ்ப்ரிங்வேல் பக்கம் போனால் ‘சாய்’ என்று கேள். டீ வராது, அவர்கள் மொழியில் அது சைவம். தாய்லாந்துக் கடையில் ‘ஜே’. ஜப்பான்காரரின் டெம்புரா நம் பஜ்ஜிக்குச் சித்தப்பா மாதிரி இருக்கும், ஆனால் தொட்டுக்கொள்ளத் தரும் சாறில் காய்ந்த மீன் கொதித்திருக்கும். வூஸ்டர்ஷர் சாஸில் நெத்திலி மாதிரி ஒரு மீன். இளஞ்சிவப்பாக, பார்க்கப் பாவமாக இருக்கும் தாராமாசலாட்டா மீன் முட்டை. டான்டினாங்கில் இலங்கைக் கடைகளைப் பார்த்ததும் ஆஹா நம்ம ஊர் என்று பாயாதே. சம்பலில் மாசிக் கருவாடு போட்டதா என்று தமிழிலேயே கேட்கலாம், சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். பெஸ்டோ என்கிற இத்தாலியப் பச்சை விழுதில் போடுகிற அசல் பார்மிஜானோ சீஸ், கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பது. ஐயோலி என்று கஃபேயில் தருவது பெரும்பாலும் பூண்டு போட்ட மயோனைஸ், முட்டை உண்டு. லெபனான்காரர்களின் தூம் அப்படியே வெள்ளையாக இருக்கும், ஆனால் முறைப்படி செய்தால் பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு மட்டும்தான். அது நமக்கு வரப்பிரசாதம். மறுநாள் மீட்டிங் இருந்தால் வேண்டாம்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க ஒரு சுலப வழி. ஒவ்வாமைக்காக அங்கே மீன், முட்டை, பால், எள், வேர்க்கடலை போன்றவற்றைத் தடித்த எழுத்தில் போட்டாக வேண்டும் என்று சட்டம். யாருக்கோ போட்டது, நமக்கு உதவுகிறது. ஜெலட்டினும் சீஸ் நொதியும் மட்டும் அந்தப் பட்டியலில் வராது, அதைத் தேடிப் படி. உருளைக்கிழங்கு சிப்ஸோடு நீ நம்பிச் சாப்பிடுகிற தக்காளி சாஸ் இருக்கிறதே, கெச்சப் என்ற அதன் பேர்கூட தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் ஒரு மீன் சாஸின் பேரிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். பயப்படாதே, இப்போது மீன் இல்லை.

அந்தச் சாஸுக்கு அங்கே பல கடைகளில் தனிக் காசு. எனக்கு இன்னும் ஆறாத வயிற்றெரிச்சல் இதுதான். இங்கே கையேந்தி பவனில் நாற்பது ரூபாய்க்கு இரண்டு தோசை வாங்கிவிட்டு “அண்ணே, சட்னி” என்று மூன்று தடவை தட்டை நீட்டலாம். அங்கே ஒரு கடையில் கட்டைவிரல் அளவு சாஸ் பாக்கெட்டுக்கு ஐம்பது சென்ட் பில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பில்லை ரொம்ப நாள் பர்ஸில் வைத்திருந்தேன்.

பார்ட்டிக்கு வருவோம். நடுவில் பெரிய கிண்ணத்தில் டிப், சுற்றி சிப்ஸ், காய்த் துண்டுகள். எல்லோரும் ஒரே கிண்ணத்தில் தோய்ப்பதைப் பார்த்ததும் உனக்கு ‘எச்சில்’ என்று மனசு துள்ளும். அவர்களுக்கும் எச்சில் உண்டு, ‘டபுள் டிப்பிங்’ என்று வேறு பேர், அவ்வளவுதான். கடித்த துண்டு திரும்பக் கிண்ணத்துக்குள் போகக் கூடாது. போனால் எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள், அதற்கப்புறம் அந்தக் கிண்ணத்தை யாரும் தொட மாட்டார்கள். அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள், கடித்துத் தோய்த்தால் கிருமி கூடத்தான் செய்கிறது. நான் செய்வது, வந்ததுமே ஒரு கரண்டி எடுத்து என் தட்டில் ஓரமாக வைத்துக்கொள்வேன். இலையில் துவையல் வைத்த மாதிரி. யாரும் தப்பாக நினைத்ததில்லை.

என்ன எடுத்துப் போவது? தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். ஒரு டிசம்பரில் நான் எடுத்துப் போனேன். அங்கே அது நடுக்கோடை. வெயிலில் மேசைமேல் இரண்டு மணி நேரம் இருந்தது, ஊசிப்போய் நூல் விட்டது. வேர்க்கடலைச் சட்னியும் வேண்டாம். அந்த ஊரில் கடலை, முந்திரி ஒவ்வாமை விளையாட்டு இல்லை, பல பள்ளிக்கூடங்களில் டப்பாவில் கொண்டுவரவே வேண்டாம் என்பார்கள். பருப்புத் துவையல் செய். துவரம்பருப்பை வறுத்து, இரண்டே மிளகாய், மிளகு, பூண்டு, கொஞ்சம் புளி, தேங்காய் இல்லாமல் கெட்டியாக அரைத்து, மேலே நெய்யோ எண்ணெயோ ஊற்றி, பக்கத்தில் அப்பளம் பொரித்து வை. ஒருத்தர் விடாமல் “இது ஹம்முஸா?” என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடாதே. நான் முதல் தடவை ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டேன். துவையல் என்று சொல். சரியாக உச்சரிக்க வராது, பரவாயில்லை. அப்புறம் பெருங்காய டப்பாவைப் பார்த்துக்கொள், பலதில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர் யாராவது இருந்தால் அதைத் தவிர்த்துவிடு.

இங்கே சென்னையும் மாறித்தான் இருக்கிறது. என் தம்பி மகள் அண்ணா நகரில் எதை வாங்கினாலும் மயோ கேட்கிறாள். பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒரு வருடத்துக்குத் தடை செய்ததும் முட்டையில்லாத மயோ என்று கடைக்குக் கடை எழுதி ஒட்டினார்கள். நீ அதைத்தான் அங்கே தேடிக்கொண்டிருப்பாய், கிடைக்கும்.

இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தப் பிள்ளை தோசைக்குத்தானே கேட்டான்? பொடியும் நல்லெண்ணெயும் சொன்னியா?” என்றாள். சொல்லவில்லை. பதினேழு வருடமாக நானே அதில்தான் ஓட்டுகிறேன், சொல்லத் தோன்றவில்லை பார். உனக்கென்று அரைக் கிலோ இட்லிப் பொடி இடித்து வைத்திருக்கிறாள். ஏர்போர்ட் கார்டில் உணவு இருக்கிறது என்று டிக் போட்டு, காட்டிவிட்டு எடுத்து வருகிறேன். டிக் போடாமல் மாட்டினால்தான் அபராதம். கறிவேப்பிலை மட்டும் கேட்காதே, பச்சை இலையை விட மாட்டார்கள். நல்லெண்ணெய் நம் கடையிலேயே வாங்கு. சீனக் கடையில் இருக்கிற கறுத்த எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, பொடியில் நாலு சொட்டு விட்டாலே தோசை வேறு எதுவோ ஆகிவிடும்.