ரெண்டு விடை வருது, எது சரி?

கேள்வி: அண்ணா, நான் ஈசிஇ செகண்ட் இயர். ஜேஃபெட் (கேட் வோல்டேஜால கரண்ட்டை கட்டுப்படுத்தற டிரான்சிஸ்டர்) செல்ஃப் பயஸ் கணக்கு ஒண்ணு, அதாவது சோர்ஸ் ரெசிஸ்டரே கேட் வோல்டேஜை அமைச்சுக்கற சர்க்யூட். ஐடிஎஸ்எஸ் (கேட் சோர்ஸ் வோல்டேஜ் 0ல போற கரண்ட்) 12 மில்லி ஆம்ப், பிஞ்ச் ஆஃப் (சேனல் மூடிக்கிற கேட் சோர்ஸ் வோல்டேஜ்) மைனஸ் 4 வோல்ட், சோர்ஸ்ல 1 கே ரெசிஸ்டர், டிரெயின்ல 2.2 கே ரெசிஸ்டர், சப்ளை 12 வோல்ட். போட்டு பார்த்தா டிரெயின் கரண்ட் 2.26, 7.07 மில்லி ஆம்ப்னு ரெண்டு வருது. சார் சின்னதை எடுத்துக்கோன்னுட்டு போயிட்டார். ஏன்னு புரியல. லேப்ல வேற, கணக்குல வந்த நம்பர் ஒரு தடவைகூட வந்ததில்ல.
(ஒரு மாணவர், விருதுநகர்)

பதில்: தம்பி, சார் சொன்னது சரிதான், காரணத்தையும் சொல்லியிருக்கலாம். 1 கே வழியா 7.07 மில்லி ஆம்ப் போனா சோர்ஸ் 7.07 வோல்ட்டுக்கு ஏறிடும், கேட் கிரவுண்ட்ல கெடக்கு, அப்ப கேட் சோர்ஸ் வோல்டேஜ் மைனஸ் 7.07. ஆனா மைனஸ் 4லயே சேனல் மூடிக்கிச்சே, மூடுன குழாய்ல தண்ணி எங்கேந்து வரும்? கரண்ட் = ஐடிஎஸ்எஸ் × (1 - கேட் சோர்ஸ் வோல்டேஜ் / பிஞ்ச் ஆஃப்)²ங்கற ஃபார்முலால ஸ்கொயர் இருக்கு இல்ல, அதனால அடைப்புக்குள்ள மைனஸ் வந்தாலும் அது பிளஸ்ஸாக்கி காட்டிடுது. அதனால சின்னது பெருசுன்னு மனப்பாடம் பண்ணாத, வோல்டேஜ் 0க்கும் பிஞ்ச் ஆஃபுக்கும் நடுவுல வருதான்னு மட்டும் பாரு.

அப்புறம் 2.26 வந்ததும் பேனாவை மூடிடாத. 2.2 கேல கிட்டத்தட்ட 5 வோல்ட் விழும், டிரெயின்ல 7 நிக்கும், சோர்ஸ் 2.26 போக டிரெயின் சோர்ஸ் நடுவுல 4.8 மாதிரி. இது 4ல 2.26 போனா மிச்சம் 1.74, அதைவிட அதிகமா இருக்கணும், இருக்கு, சாச்சுரேஷன்லதான் (இந்த ஃபார்முலா செல்லுபடியாகற நிலை) நிக்குது.

லேப்ல ஏன் வரலன்னா, உங்க லேப்ல பெரும்பாலும் பிஎஃப்டபிள்யூ 10ங்கற ஜேஃபெட்தான் இருக்கும், அதோட டேட்டாஷீட்லயே ஐடிஎஸ்எஸ் 8லேந்து 20 மில்லி ஆம்ப் வரைன்னு போட்டிருக்கு, அதாவது ஒரே டப்பால இருக்கற ரெண்டு பீஸ் ஒரே மாதிரி இருக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. உன் கைல 18 மில்லி ஆம்ப், மைனஸ் 5.5 வோல்ட் பீஸ் மாட்டிச்சுன்னு வை, கேட்டுக்கு மைனஸ் 2.26ன்னு பிக்சடா குடுத்திருந்தா ஃபார்முலா 6.25 மில்லி ஆம்ப் கேக்கும், 2.2 கேல அதுக்கே 13 வோல்ட்டுக்கு மேல வேணும், சப்ளையே 12தான், ஆம்ப்ளிஃபையர் படுத்துடும். செல்ஃப் பயஸ்ல ஃபார்முலா அதே பீஸுக்கு 3.19தான் கேக்கும், ஆனா அங்கேயும் டிரெயின் சோர்ஸ் நடுவுல 1.8 வோல்ட்தான் மிஞ்சும், 2.3 வேணும், அதனால சாச்சுரேஷனை கொஞ்சம் விட்டு வெளிய போய் 3.15 கிட்ட நிக்கும்; டிரெயின் ரெசிஸ்டரை கொஞ்சம் குறைச்சா சரியாகிடும். கரண்ட் ஏற ஏற சோர்ஸும் ஏறி கேட்டை தானே இறுக்கிடுது, அவ்ளோதான் விஷயம்.

கேள்வி: ஐடிஎஸ்எஸ்ஸை மீட்டர்ல அளக்க முடியுமா?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தாராளமா. கேட்டையும் சோர்ஸையும் சேர்த்து கிரவுண்ட் பண்ணு, டிரெயினுக்கு 12 வோல்ட்டை மில்லி ஆம்ப் மீட்டர் வழியா குடு, சட்டுனு படிச்சிடும்மா, சூடாக ஆக நம்பர் இறங்கும். சர்க்யூட் போட்டப்புறம் கரண்ட் பாக்கணும்னா ஒயரை கழட்டவே வேணாம், 1 கே மேல வோல்டேஜ் வெச்சு பாரு, எத்தனை வோல்ட்டோ அத்தனை மில்லி ஆம்ப்.