காமிக் சான்ஸ் எழுத்துருவை எங்கே பயன்படுத்தலாம்? அதை ஏன் பலர் வெறுக்கிறார்கள்?

குழந்தைகளுக்கான பயிற்சித்தாள்களை வடிவமைப்பது என் தொழில். காமிக் சான்ஸைக் கண்டாலே முகம் சுளிப்பவர்களையும், எதற்கெடுத்தாலும் அதையே கேட்பவர்களையும் அடிக்கடி சந்திக்கிறேன். அது எதற்காக வரையப்பட்டது என்று தெரிந்துகொண்டாலே உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பெருமளவு விடை கிடைத்துவிடும்.

1994-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட் கோனேர், கணினிக்குப் புதியவர்களுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த 'பாப்' என்ற மென்பொருளின் முன்னோட்டப் பதிப்பைப் பார்த்தார். அதில் ஒரு கார்ட்டூன் நாய் பேசியது. ஆனால் அதன் பேச்சு, செய்தித்தாளுக்கென்று உருவான டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் இருந்தது. அது பொருந்தவில்லை என்று கருதிய கோனேர், தம் அலுவலகத்தில் இருந்த சித்திரக்கதைகளின் கையெழுத்தை மாதிரியாகக் கொண்டு, கணினியிலேயே புதிய எழுத்துகளை வரைந்தார். அவை டைம்ஸைவிட அகலமாக இருந்ததால், ஏற்கெனவே அளவெடுத்துச் செய்திருந்த பேச்சுக்குமிழ்களுக்குள் அடங்கவில்லை. பாப் மென்பொருளில் அவற்றுக்கு இடம் கிடைக்காமலே போயிற்று. பின்னர் விண்டோஸ் 95-க்கான கூடுதல் தொகுப்பின் வழியாக வெளிவந்து, உலகெங்கும் பரவின.

எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலத்தின் சிறிய 'ஏ' (a), அச்சில் வழக்கமாகக் காணும் மேல்வளைவு இல்லாமல், பிள்ளைகள் நோட்டில் எழுதுவதுபோல ஒரு வட்டமும் ஒரு கோடுமாக இருக்கும். பெரிய 'ஐ'க்கு (I) மேலும் கீழும் குறுக்குக்கோடுகள் உண்டு என்பதால் சிறிய 'எல்' (l) எழுத்துடன் குழம்புவதில்லை. ஏரியல் எழுத்துருவில் இவ்விரண்டும் வெறும் குச்சிகள்தாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இது மிகப் பெரிய உதவி. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கத்தின் வழிகாட்டியும் ஏற்ற எழுத்துருக்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறது.

ஆகவே பயிற்சித்தாள், பிறந்தநாள் அழைப்பிதழ், படக்கதை வசனம், விளையாட்டு விதிகள் ஆகியவற்றில், அதாவது ஒருவர் நம்மிடம் நேரில் பேசுவதுபோல் இருக்க வேண்டிய இடங்களில், இதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். இரங்கல் செய்தி, மருத்துவமனை அறிவிப்பு, ஒப்பந்தம் போன்றவற்றில் வேண்டவே வேண்டாம். 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகள் பற்றிய முடிவுகளை அறிவித்தபோது, இயற்பியலாளர் ஃபாபியோலா ஜனோட்டியின் காட்சித்தாள்கள் காமிக் சான்ஸில் இருந்தன. அறிவியலுக்கு அதனால் எந்தக் குறையும் நேரவில்லை. ஆயினும் அத்தனை பெரிய செய்திக்கு நடுவிலும் பலர் எழுத்துருவைப் பற்றிப் பேசினார்கள். வெறுப்புக்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன்: எழுத்தின் வடிவம் தீயதன்று, எல்லாக் கணினியிலும் கிடைத்ததால் பொருந்தாத இடங்களிலெல்லாம் அது ஒட்டப்பட்டது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. காமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை; அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டினால், கணினி வேறொரு எழுத்துருவைக் கொண்டு நிரப்பிவிடும், இருமொழித் தாளில் அந்த வேறுபாடு துருத்திக்கொண்டு தெரியும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் தாரிக் அஸீஸின் 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்துப் பாணியிலும், 'பலூ தம்பி' உருண்டு திரண்ட வடிவிலும் இருக்கின்றன. தலைப்புக்குத் தம்பியையும், குறுகிய வாசகங்களுக்குக் கவிவனாரையும் நான் விரும்பித் தேர்ந்தெடுக்கிறேன்.